மாதிரிக்கு ஒரு சதுரம்

டிரெய்லரின் பக்கத்தில் 'பெல்க்கி அண்ட் சன்ஸ்' என்றிருக்கும்.
நான் பெல்க்கி இல்லை. எனக்கு மகன்களும் இல்லை.
பம்பும் முந்நூறு காலன் தொட்டியும் வாங்கியபோது
அந்தப் பெயரும் சேர்ந்து வந்தது.
மூன்று முறை பீய்ச்சிப் பார்த்துவிட்டேன். போகவில்லை.
"கழுவுகிறவள் வண்டியிலேயே போகாத எழுத்தா"
என்று டாரின் சிரிப்பான்.
அவனுக்கு மணிக்கு இருபத்திரண்டு டாலர்,
சிரிப்பு இனாம்.

மெய்ன் மாநிலத்தில் எங்களுக்கு வருஷம் என்பது ஐந்து மாதம்:
சேறு காய்ந்த நாள் முதல்
வாளித் தண்ணீர் மேலே கண்ணாடி பிடிக்கும் நாள் வரை.
மற்ற ஏழும் இந்த ஐந்தை உட்கார்ந்து தின்னும்.

ஜூனில் லேலண்ட் புஷார்ட் வீட்டுக்கு விலை சொல்லப் போனேன்.
"இந்த மரமே சாம்பல் நிறந்தான்" என்றார்,
"இதில் கழுவ என்ன இருக்கிறது?"
வாயால் பதில் சொல்லவில்லை.
வெள்ளை முனையை மாட்டி, அழுத்தத்தைக் குறைத்து,
படியோரம் இரண்டடிக்கு இரண்டடி
இழையின் போக்கிலேயே விட்டேன்.
துலக்கிய செம்புபோல வெளியே வந்தது சீடர்.
அவர் மனைவி ஆர்லீன் "ஐயோ" என்றாள்,
ஏதோ உடைந்துவிட்டதுபோல.

முந்நூற்று நாற்பது சதுர அடி,
கழுவி, வெளுத்து, இரண்டு பூச்சு:
ஆயிரத்து நானூறு.
லேலண்ட் தாளை நான்காக மடித்தார்.
கதவு சாத்திக்கொண்டது.

அந்தக் கோடை முழுக்க அந்த வழியாகத்தான் போனேன்.
ஒரு கல்யாண வீட்டுக்குப் பூசி முடித்த இரவே மழை.
இன்னொருத்தி வால்நட் நிறம் கேட்டாள்,
பூசியபின், இது வால்நட் இல்லை, சாக்லேட் என்றாள்.
ஆகஸ்டில் ஒரு பல் டாக்டரின் காசோலை திரும்பி வந்தது.
அன்று சாயம் துடைத்த துணிகளை
ஒவ்வொன்றாகச் சரளைமேல் விரித்துப் போட்டேன்,
ஓரம் ஓரத்தைத் தொடாமல்.
சுருட்டிக் குவித்தால்
யாரும் கொளுத்தாமலே பற்றிக்கொள்ளும் அது.
டாரின் அன்று சிரிக்கவில்லை.

போகிறபோதெல்லாம் கண் அந்தப் படியோரம் போகும்.
ஜூலையில் சதுரத்தின்மேல் ஒரு பூந்தொட்டி.
பிறகு இன்னும் பெரிய தொட்டி.
பிறகு ஒரு மிதியடி, 'நல்வரவு' என்று எழுதியது,
வாசலுக்குச் சம்பந்தமே இல்லாத இடத்தில்.
மிதியடி சின்னது. ஓரங்கள் தெரிந்தன.

அக்டோபர் பதினான்காம் தேதி ஃபோன்.
பெயர்கூடச் சொல்லவில்லை.
"ஒன்று, மிச்சத்தையும் கழுவு.
இல்லை, என் அழுக்கைத் திருப்பிக் கொடு."

ஆறு டிகிரி. கையுறைக்குள் விரல் இருக்கிறதா என்று
அடிக்கடி பார்த்துக்கொண்டேன்.
சாயம் இப்போது ஆகாது என்று முதலிலேயே சொன்னேன்,
குளிரில் மரம் எண்ணெய் குடிக்காது,
மேலேயே பிசினாய் நிற்கும், வசந்தத்தில் உரியும்.
கழுவும் கூலி மட்டும் போதும், மீதி மே மாதம்.
"மே மாதம் நான் மனசு மாறிவிட்டால்?"
"அது வரைக்கும் சுத்தமாக மாறுங்கள்."

பலகை பலகையாகப் பின்னேறி வந்தேன்.
பச்சைத் தண்ணீர் புல்லுக்குள் போயிற்று.
எல்லாம் முடிந்து, மிதியடியை நகர்த்தினால்,
அந்தப் பழைய சதுரம்,
நான்கு மாத வெயிலும் தூசியும் தின்று
இப்போது அதுதான் மங்கல்.
ஒளிர்கிற டெக்கின் நடுவே என் கைவேலை மட்டும் கறையாக.

லேலண்ட் படியில் இறங்கி வந்து வெகுநேரம் பார்த்தார்.
பர்ஸைத் திறந்தவர் கையை நிறுத்தினார்.
"அதற்கு நான் காசு தரமாட்டேன்.
அது உன்னுடையது."

பம்பை மறுபடி இழுத்துக் கிளப்பினேன்.
மூன்றாவது இழுப்பில்தான் பிடித்தது.
ஆறு மணிகூட ஆகவில்லை, இருட்டிவிட்டது.
டாரின் வண்டி விளக்கைத் திருப்பிப் பிடித்தான்.